மருந்து போட்ட பிறகும் ஊர்ந்த பேன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சங்கீதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அன்று என் துணை சுகாதார நிலையத்தின் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டவள் அவள்தான். கிராம சுகாதார செவிலியர். சுறுசுறுப்பான பெண்.

"அக்கா, நம்ம ஸ்கூல்ல ஆறாப்புப் பிள்ளைகளுக்குப் பேன் லோஷன் குடுத்தேன். ரெண்டு தடவை போட்டாச்சு. பேன் அப்படியேதான் இருக்கு. வீட்டுல ஒழுங்காப் போட மாட்டேங்காவன்னு நெனைக்கேன். அம்மாமாரை வரச்சொல்லி ஒரு சத்தம் போட்டுரவா?"

நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"யாரையும் சத்தம் போடாத. நான் மத்தியானம் வாரேன்."

போனேன். அங்கே என்ன செய்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். கிளம்பும்போது அவள், "நீங்க சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்கக்கா, மாசக் கூட்டத்துல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுதேன்" என்றாள். நான் அவளிடம் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையைப் பார்த்தவள் நான். கொட்டும் மழையில் பிரசவம் பார்த்த கதையெல்லாம் என்னிடம் உண்டு. அவற்றை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இது நான் தப்பாகச் செய்த ஒன்று. அதனால் நான்தான் எழுத வேண்டும்.

பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்தில் பேனுக்கு ஒரே ஒரு வகுப்பு நடந்தது. சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. பாடம் எடுத்த அம்மா 'பேன்' என்று சொன்னதும் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் தலையைச் சொறிந்தோம். அவரும் சொறிந்துகொண்டார். சிரித்து முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. பேனைப் பற்றி நான் முறையாகப் படித்தது அம்புட்டுத்தான்.

முதல் வேலை ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவிலுக்குப் போகும் சாலையில் ஒரு கிராமத்தில். அங்கே அம்மாமாரில் பாதிப் பேர் மில்லுக்குப் போகிறவர்கள். விடியும்முன் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே சடை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் வரும். எல்லாத் தலையிலும் பேன். என்னிடம் சிறு பாட்டில்களில் பெர்மெத்ரின் லோஷன் இருந்தது. தலையில் தேய்த்துப் பத்து நிமிடம் வைத்து, அலசி, துண்டால் துடைத்தால் துண்டு முழுக்க எள்ளைக் கொட்டியதுபோலக் கிடக்கும். ஒன்றுகூட அசையாது. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை போட்டால் வேலை முடிந்தது. பிள்ளைகள் என்னைத் தெருவில் கண்டால் தலையைக் குனிந்து காட்டிவிட்டு ஓடும். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமைதான் பிற்பாடு கெடுத்தது. லோஷன் வேலை செய்யும் என்பதைப் பல வருடம் என் கண்ணாலேயே பார்த்தவள் நான். ஒரு தலையில் பேன் போகவில்லை என்றால் அந்த வீட்டில் லோஷன் போடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். வேறு காரணம் இருக்க முடியும் என்று நினைத்ததே இல்லை.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மாற்றல் கிடைத்தது. மடவார் வளாகத்தில் வீடு, செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில் துணை சுகாதார நிலையம். மலையடிவாரம் வரைக்கும் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். நான் அங்கே போய்ச் சில வருடங்கள் கழித்து எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவ அலுவலராக டாக்டர் ரேவதி வந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நோயாளி உள்ளே வந்ததும் முதலில் பெயரைக் கேட்பார். பிறகு அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஒவ்வொரு கேள்வியும். கைக்குழந்தையாக இருந்தாலும் பெயர் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். பாவாடைப் பை மாதிரி ஆழமாகத் தைத்த கோட்டுப் பையில் ஒரு லென்ஸ் வைத்திருப்பார். சொறி, சிரங்கு, தேமல் எதுவானாலும் நாற்காலியை விட்டு எழுந்து, தரையில் குந்தி உட்கார்ந்து, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். புறநோயாளி வரிசை வாசல் தாண்டி நிற்கும். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். அவர் அவசரப்பட மாட்டார்.

எங்கள் அறிக்கைகளைப் படிக்கும்போது இடையில் நிறுத்தி ஒன்று கேட்பார்: "இது நீங்க பாத்ததா சிஸ்டர், இல்ல நெனச்சதா?" குத்தல் இல்லாமல், விலாசம் விசாரிப்பதுபோலத்தான் கேட்பார். ஆனாலும் எங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். 'தாய் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார்' என்று எழுதியிருப்போம். பார்த்தோமா? இல்லை. சாப்பிடுவார் என்று நினைத்தோம். 'மேடத்துக்கு நம்மளப் பிடிக்கல' என்று நான்கூடச் சக செவிலியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருடம் பள்ளி திறந்து இரண்டாம் மாதம், என் பகுதி நடுநிலைப் பள்ளியில் தலைப் பரிசோதனை செய்தேன். ஏழாம் வகுப்பில் பேச்சியம்மாள் என்று ஒரு பிள்ளை. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. கையில் எடுத்தால் கயிறுபோலக் கனக்கும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் ஈர் வெள்ளையாக ஒட்டிக் கிடந்தது. சொறிந்து சொறிந்து புண்ணாகி நீர் வடிந்தது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. வகுப்பில் பாதிக்குமேல் பிள்ளைகளுக்குப் பேன் இருந்தது; ஆனால் பேச்சியின் தலைதான் எல்லார் கண்ணிலும் பட்டது.

லோஷன் கொடுத்தேன். அவள் அம்மா காளியம்மாளை வரவழைத்து எப்படிப் போடுவது என்று சொல்லியனுப்பினேன். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். புருஷன் கருப்பசாமி மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவல். குடும்பமே தோப்புக்குள் ஓட்டு வீட்டில் இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பேன் அப்படியே. மறுபடி கொடுத்தேன். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது முறை காளியம்மாளை வரச்சொன்னது தடுப்பூசி போடும் புதன்கிழமை. கைக்குழந்தைகளோடு பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"லோஷன் போட்டியா?"

"போட்டேன், நர்ஸம்மா."

"போட்டா சாவாம எங்க போவும்? பாட்டிலைத் தொறந்தியா, அப்படியே பரண்ல தூக்கிப் போட்டியா?"

"போட்டேன். சத்தியமாப் போட்டேன்."

"இம்புட்டு முடி வளக்கத் தெரியுது, பேன் பாக்கத் தெரியலயா? ஒம் மகளால வகுப்பே கெட்டுப்போச்சு."

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். காளியம்மாள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அதோடு நான் விடவில்லை. பேன் நீங்கும்வரை பேச்சியம்மாள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்று ஒரு சீட்டு எழுதிப் பள்ளிக்கு அனுப்பினேன். என் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்து.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். மாதாந்திர அறிக்கை கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு பைக் வந்து சரிந்து விழுந்தது. கருப்பசாமி ஓட்டி வந்திருந்தார். பின்னால் காளியம்மாள். நடுவில் துவண்டு கிடந்த பேச்சி. தலையில் ஈரத்துணி கட்டியிருந்தது. வாயில் எச்சில் ஒழுகியது. உடம்பெல்லாம் வேர்வை. கண்ணிமையும் கன்னமும் துடித்தன. கிட்டே போனதும் அந்த வாசனை மூக்கில் அடித்தது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மா பூக்கும் காலத்தில் தோப்புக்குத் தோப்பு வீசுகிற மருந்து வாசனை.

டாக்டர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"பேர் என்ன?"

"பேச்சி. பேச்சியம்மாள்."

"பேச்சி, என்னைப் பாரு. கண்ணைத் திற." டார்ச் அடித்தார். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. "குடிச்சாளா?"

"இல்லம்மா, குடிக்கல," என்றாள் காளியம்மாள். "தலையில போட்டேன். தோப்புக்கு அடிக்கிற மருந்து. நேத்து சாயங்காலம் கொஞ்சம், காலைல கொஞ்சம். அந்த மருந்துக்குத் தோப்புல அம்புட்டுப் பூச்சியும் சாவுதே, இதுவும் செத்துரும்னு நெனச்சேன். பிள்ளைய மறுபடி பள்ளிக்கூடத்துல சேக்கணும்ல."

அதன் பிறகு நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் செவிலியர்களுக்கு இது என்றாவது தேவைப்படலாம். டாக்டர் எங்கள் எல்லாரையும் முதலில் கையுறை போடச் சொன்னார். துணியைத் தலையிலிருந்து எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினோம். மூச்சு, நாடி பார்த்து, ஆக்சிஜன் வைத்து, நரம்பில் ஊசி ஏற்றினார். அட்ரோபின், பூச்சிமருந்தின் விஷத்தை முறிக்கிற மருந்து. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, சளிச் சத்தம் குறைகிறதா என்று கேட்டு, மறுபடி ஏற்றினார். ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே உடையை வெட்டி எடுத்து, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். தலையை மேசை ஓரத்துக்கு இழுத்து, சோப்புத் தண்ணீர் விட்டு அலசினோம். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. வாசனை போகவில்லை. அவ்வளவு அடர்ந்த முடி. அடிவரை மருந்தைக் குடித்துக் கிடந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். "வெட்டிருங்க, சிஸ்டர்."

காளியம்மாள் கதவோரம் நின்றாள். நான் கத்தரியை எடுத்தேன். அது கட்டுத்துணி வெட்டுகிற கத்தரி. அந்த முடி ஒரே வெட்டில் போகவில்லை. அறுத்து அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. வெட்டிய முடியைப் பையில் போட்டபோது, அதில் இரண்டு பேன் இன்னும் ஊர்ந்தன.

108 வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. டாக்டரே வண்டியில் ஏறிக்கொண்டார். சாயங்காலம் திரும்பி வந்து, "பேச்சி கண் திறந்தா. தண்ணி கேட்டா" என்றார். நான் மருந்து அறையில் நின்றுகொண்டிருந்தேன். அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"காளியம்மா லோஷனை ஒழுங்கா போடலன்னு இந்த மாச அறிக்கையில எழுதியிருந்தீங்க."

"ஆமா மேடம்."

"பாத்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். என்னைத் திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவர் திட்டவில்லை.

"சரி. அப்ப நாளைக்குப் பாப்போம்" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே ஏழாம் வகுப்பில், வீட்டில் சம்மதம் சொன்ன நாலு பிள்ளைகளை உட்கார வைத்தோம். புதுப் பாட்டில். காலாவதித் தேதியை டாக்டரே பார்த்தார். உலர்ந்த தலையில் வேர்வரை படும்படி நானே தேய்த்தேன். காதுக்குப் பின்னால், பிடரியில், ஒரு இடம் விடவில்லை. கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். நானே அலசினேன். நானே துடைத்தேன். பிள்ளைகளை யாரும் நெருங்காமல் சாயங்காலம்வரை அதே அறையில் வைத்திருந்தோம். கதைப் புத்தகமும் சுண்டலும் கொடுத்தோம்.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பேன்சீப்பால் முதல் பிள்ளையின் தலையை வாரினேன். துணியில் ஆறு பேன் விழுந்தது. ஒன்று செத்திருந்தது. மற்ற ஐந்தும் துணியின் ஓரம் தேடி ஓடின. மயங்கித் தள்ளாடும் நடை இல்லை. காலையில் எப்படி ஓடியதோ அப்படியே. டாக்டர் குனிந்து லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்தார். நாலு பிள்ளைகளுக்கும் அதே கதை.

"மருந்து போட்டது நீங்க. அளவு சரி, நேரம் சரி" என்றார். "லேசா ஆடி அசைஞ்சு நடந்தா, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், கொஞ்சம் காத்திருக்கலாம். எட்டு மணி நேரம் கழிச்சும் இப்படி ஓடுச்சுன்னா இந்தப் பேனுக்கு இந்த மருந்து பத்தல. எத்தன வருஷமா இந்த லோஷனையே குடுக்கோம்? தப்பிப் பொழச்சது குஞ்சு பொரிச்சு, அதுல தப்பினது மறுபடி பொரிச்சு, இப்ப இருக்கறது எல்லாம் தப்பினதோட வம்சம்."

"அப்ப காளியம்மா பொய் சொல்லல."

"சொல்லல."

அந்த இடத்தில் எனக்கு வந்தது வெட்கம்தான். வேறு எந்தப் பெரிய வார்த்தையும் வேண்டாம். ஒரு தாய் சத்தியம் செய்து சொன்னாள். அவளை நம்புவதைவிட ஒரு பாட்டிலை நம்பினேன்.

இனி என்ன செய்வது என்று கேட்டேன். அதே லோஷனைக் கூட்டிப் போடக்கூடாது, அடிக்கடி போடக்கூடாது, வீட்டில் கிடக்கிற எதையும் போடக்கூடாது. மண்ணெண்ணெய் கூடாது, தோப்பு மருந்து கூடவே கூடாது என்றார். "பேனுக்கு எதிர்ப்பு இல்லாத ஒண்ணு இருக்கு, சிஸ்டர். சீப்பு."

அடுத்த வாரம் தொடங்கினோம். திங்களும் வியாழனும், வாரத்துக்கு இரண்டு நாள். கடையில் விற்கும் சாதாரண கண்டிஷனர். தலையை நனைத்து அதை நிறையப் பூசினால் பேன் இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஓடாது. அதற்குள் முதலில் பெரிய சீப்பால் சிக்கெடுத்து, பிறகு முடியை விரல் அகலத்துக்குப் பாகம் பாகமாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை பேன்சீப்பால் இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் சீப்பு உதவாது, பல் விரிந்துவிடும். ராஜபாளையம் கடைத்தெருவில் தேடி, பல் நெருக்கமான உலோகச் சீப்பு வாங்கி வந்தேன். ஈரில் இருந்து வாரம் பத்து நாளில் குஞ்சு வெளியே வரும். அது வளர்ந்து முட்டையிட இன்னும் ஒன்றரை வாரம் ஆகும். அதற்குள் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை வாரினால் எந்தக் குஞ்சும் தாயாக முடியாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் செய்தால் பலன் இல்லை. வகுப்பு முழுக்க, வீடு முழுக்க, ஒரே நாளில்.

ஆனால் தொடங்குவதற்கு முன் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. முதல் திங்கட்கிழமை பேச்சி பள்ளிக்கு வந்திருந்தாள். தலையில் நீலத் துப்பட்டா சுற்றியிருந்தாள். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள், பேனுக்காக மற்றவர்கள் ஒதுக்கிவைத்த பழக்கம். வகுப்பு ஆசிரியையிடம் அனுமதி கேட்டு நான் பலகை அருகே போய் நின்றேன்.

"ரெண்டு வாரத்துக்கு முந்தி, பேச்சியால வகுப்புக்கே பேன் வந்துச்சுன்னு சொன்னேன். அது தப்பு. அவ அம்மா மருந்து போடலன்னு சொன்னேன். அதுவும் தப்பு. அவுக சரியாத்தான் போட்டாங்க. மருந்துதான் கேக்கல. நான் பாக்காம சொல்லிட்டேன். பேச்சி, நீ என்னை மன்னிக்கணும்."

பேச்சி எழுந்து நின்றாள். பதில் சொல்லும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று பழகிய பிள்ளை.

"எனக்கு இப்பப் பேன் இல்ல, நர்ஸம்மா. இவளுகளுக்குத்தான் இருக்கு" என்றாள்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு வகுப்பே சிரித்தது. பேச்சியும் சிரித்தாள். அன்று மத்தியானம் அவள் பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள்.

பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி அருகே பாய் விரித்து வாரினோம். முதல் நாள் துணியைப் பார்த்து ஆசிரியைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சீப்புகளை வெந்நீரில் போட்டு எடுத்தோம். அம்மாமார் முதலில் வரவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நான் போட்ட சத்தம் அப்படி. வீடு வீடாகப் போய் லோஷன் சங்கதியைச் சொன்னேன். "உங்க மேல தப்பில்ல, பேன் மாறிப்போச்சு" என்று சொன்னதும் கதவுகள் திறந்தன. இந்த ஒரு வாக்கியத்துக்கு இருந்த பலம் எனக்கே வியப்பாக இருந்தது. இரண்டாம் வாரம் தோப்பு வேலைக்குப் போகும்முன் பள்ளிக்கு வந்து வாரிவிட்டுப் போனார்கள்.

பேச்சி ஒவ்வொரு வாரலுக்கும் வந்து நின்றாள். வாருவதற்கு முடி இல்லாததால் அவளைத் துணி பார்க்க வைத்தோம். கண் கூர்மை. கசகசா அளவுக் குஞ்சைக்கூட லென்ஸ் இல்லாமல் காட்டிவிடுவாள். "இதோ ஓடுது, இதோ" என்று அவள் விரல் வைக்கும் இடத்தில் நிச்சயம் இருக்கும்.

நாலாம் வாரம் தொடர்ந்து மூன்று வாரலில் துணி சுத்தமாக வந்த தலைகளைக் கணக்கில் இருந்து எடுத்தோம். இரண்டு வீட்டில் மட்டும் விடாமல் இருந்தது. அவர்களை டாக்டர் வரச்சொன்னார். எடை பார்த்து, பெண்களிடம் கர்ப்பமா, பால் கொடுக்கிறார்களா என்று தனித்தனியாகக் கேட்டு, பேனுக்கு உள்ளுக்குச் சாப்பிடுகிற மாத்திரை எழுதினார். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. அதோடு அந்த வகுப்பில் பேன் ஒழிந்தது. மறுபடி வராமல் இல்லை, வரத்தான் செய்தது. ஆனால் யாரும் பயப்படவில்லை, சீப்பை எடுத்தார்கள்.

சங்கீதாவின் பள்ளியில் போன மாதம் இதையேதான் செய்தோம். காலையில் அவள் கையாலேயே லோஷன் போட்டாள், சாயங்காலம் துணியில் வாரிப் பார்த்தாள். பேன் ஓடியதைப் பார்த்துவிட்டு, லோஷனை ஒதுக்கிவைத்துச் சீப்பை எடுத்தாள். நேற்று அவளிடமிருந்து செய்தி வந்தது: "மூணு பேருதான் அக்கா பாக்கி."

அவளிடம் சொல்லாத மீதி இதுதான்.

பேச்சி தேறி வந்த பிறகும் காளியம்மாள் என்னிடம் பேசவில்லை. தோப்புக்குப் போய் அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். கருப்பசாமி, "நடந்தது நடந்துபோச்சு, விடுங்கம்மா" என்றார். அவள் உள்ளேயே இருந்தாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் நின்ற நேரம் முழுக்க ஒரே பாத்திரத்தைத் தேய்த்தாள்.

அதன் பிறகு ஆறு ஏழு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் துணை சுகாதார நிலையத்தில் தனியாக உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. காளியம்மாள். உள்ளே வந்து, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கதவைப் பாதி சாத்தினாள்.

"பேச்சிக்கு முடி காதுக்குக் கீழ எறங்கிருச்சு" என்றாள்.

"பாத்தேன். நல்லா அடர்த்தியா வருது."

"ஒரே பாய்லதான் படுக்கோம்." முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "எங்கிட்டயும் கெடக்கு, நர்ஸம்மா. அன்னைக்கே கெடந்துச்சு. நீங்க அத்தன பேரு முன்னால கேக்கையில சொல்ல நாக்கு வரல. எங்கிட்ட இருந்து பிள்ளைக்கு ஏறிரக் கூடாதுல்ல."

ஸ்டூலை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்தாள். மகளுக்கு இருந்த முடி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. தரையைத் தொட்டது. முன்பக்கம் நரைத்திருந்தது.

தண்ணீரும் கண்டிஷனரும் விட்டு, பாகம் பிரித்து, வார ஆரம்பித்தேன். நாலைந்து இழுப்புக்குப் பிறகு அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. சீப்பை நிறுத்தினேன்.

"வலிக்குதா, காளியம்மா?"

"இல்ல" என்றாள். "கல்யாணம் ஆகி வந்த பொறவு எந் தலையில யாரும் கை வச்சதில்ல. நீங்க வாருங்க."

வாரினேன். முழுசாக முடிக்க சாயங்காலம் ஆகிவிட்டது. கொண்டை போட்டுவிட்டதும் அவள் எழுந்து, துணியை மடித்து வாளியில் போட்டாள்.

"வெயாழக்கிழமை வாரேன்" என்றாள்.

வியாழக்கிழமை வந்தாள்.